பொந்தியானாக் படமும் தோட்டத்து ஜனங்களின் அபிப்பிராயமும்

இரத்தமும் பேயும் நிறைந்த சினிமாப் படங்களைப் பார்ப்பது தகுமா, தகாதா என்று நம்மவரிடையே அவ்வப்போது ஒரு வாதம் எழுவதுண்டு. பார்த்தவர் ஒன்று சொல்லுவர். பாராதவர் அதனினும் பலமாக ஒன்று சொல்லுவர். அவ்வாதத்தில் புகுந்து தீர்ப்புக் கூற நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. ஒரே ஒரு படத்தைப் பற்றி ஜனங்கள் சொல்லிவந்த அபிப்பிராயங்களின் சரித்திரத்தையே எழுதப் புகுந்தோம். அப்படத்தை இன்று எவரும் பார்க்க முடியாது. அதன் பிரதி அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பவை சில விளம்பரத் தாள்களும் நிழற்படங்களும், அன்று கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களின் வாய்ச்சொல்லுமேயாம். படம் போய் அபிப்பிராயம் மட்டும் நின்றுவிட்டது. படத்தின் பெயர் 'பொந்தியானாக்'. வெளிவந்த ஆண்டு 1957.

நாம் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். முன்பு பால்மரம் நின்ற சரிவுகளில் இப்போது செம்பனை நிற்கிறது. பால் வெட்டிய குடும்பங்கள் பெரும்பாலும் ஈப்போவுக்கும் அப்பாலும் போய்விட்டன. அவர்கள் இடத்தில் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் குலை வெட்டுகின்றனர். எனினும் பழைய லயங்களிலும் பக்கத்துக் கம்பங்களிலும் முதியவர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் பழங்கதை கேட்பது நமக்கு வழக்கம். சயாம் ரயில், ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு, கம்யூனிஸ்டுக் கலகம் என்று எங்கே தொடங்கினாலும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பேச்சு 'பொந்தியானா படத்தில்' வந்து நிற்கும். ஒரு படம் எழுபது ஆண்டாக ஜனங்களின் நாவைவிட்டு நீங்காதிருப்பானேன் என்று நமக்கு வியப்புண்டாயிற்று. அதனால் அவர்கள் கூறியவற்றைக் குறித்துவைக்கலானோம். எழுதாத செக்ரோல் புத்தகம் ஒன்றின் பின்பக்கங்கள் அதற்கு உதவின.

முதலில் படம் பிறந்த வரலாற்றைச் சொல்லிவிடுவோம். இதை எடுத்தது சிங்கப்பூரிலிருந்த கேத்தே-கிரிஸ் கம்பெனி. லோக் வான் தோ, ஹோ ஆ லோக் என்னும் இரு சீன முதலாளிகள் 1953இல் கூட்டாகத் தொடங்கியது அது. முதல் போட்டவர் சீனர், நடித்தவர் மலாய்க்காரர், இயக்கியவரோ பி. என். ராவ் என்னும் இந்தியர். இதில் புதுமை ஒன்றும் இல்லை. மலாய்ப் பேசும்படம் பிறந்ததே இந்தியர் கையிலேதான். 1933இல் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' எடுத்த பி. எஸ். ராஜான்ஸ் முதற்கொண்டு, மலாய்ப் படமுதலாளிகள் இந்தியாவிலிருந்தே இயக்குநரை வரவழைத்தனர். சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம் தமிழரான எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' எடுத்து பி. ராம்லீயைக் கதாநாயகனாக்கினார். அவரே 1958இல் 'ஓராங் மிஞ்ஞாக்' என்னும் எண்ணெய்மனிதன் படத்தையும் எடுத்துப் பயங்காட்டினார். பாட்டும் அழுகையும் மாமியார் கொடுமையுமாக வங்காளத்தையும் சென்னையையும் மலாய்க் கம்பத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்று மலாய் எழுத்தாளர் குறைகூறியதுண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயின் பொந்தியானாக் கதை மலாய் மண்ணிலேயே விளைந்தது. அதை எழுதியவர் கதாநாயகி மரியா மெனாடோவின் அந்நாளைய கணவர் அப்துல் ரசாக்.

கதையைச் சுருங்கச் சொல்லுவோம். கோமெல் என்னும் பெண் கூன் விழுந்து விகாரமாய் வளர்கிறாள். கோமெல் என்றால் மலாய் மொழியில் அழகி என்று பொருள். ஊராரின் கேலி போலும். அவளைக் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்த முதியவர் இறந்தபின், அவர் வைத்திருந்த மந்திர ஏட்டின்படி மருந்து கூட்டிக் குடித்துப் பேரழகியாகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அவள் நாவில் இரத்தம் படலாகாது. மணம் நடக்கிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சை உறிஞ்சி எடு என்று அவன் கெஞ்சுகிறான். உறிஞ்சுகிறாள், இரத்தம் நாவிற் பட்டுப் பேயாகிறாள். அப்புறம் கோரைப்பல்லும் விரிந்த கூந்தலும் சிரிப்புமாகப் படம் நடக்கிறது.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூரில் படம் வெளியாயிற்று. கூட்டம் அலைமோதியது. வாரக்கணக்கில் ஓடுவதே அரிதாயிருந்த மலாய்ப் படம் மாதக்கணக்கில் ஓடிற்று. முதலாளிகள் விடுவார்களா? அதே ஆண்டில் 'பொந்தியானாக்கின் பழி', மறு ஆண்டில் 'பொந்தியானாக்கின் சாபம்' என்று மேலும் இரண்டு எடுத்தார்கள். எதிர்க் கம்பெனியாகிய ஷா சகோதரர்களும் சும்மா இராமல் 1958இல் 'பொந்தியானாக்கின் பிள்ளை' என்று ஒன்றை இறக்கினர்.

நிற்க. இப்பேய் யார் என்று அறியாமல் ஜனங்களின் அபிப்பிராயம் விளங்காது. மலாய்க்காரர் நம்பிக்கையில், பிரசவத்தில் மாண்ட பெண்ணே இவ்விதப் பேயாகிறாள். வால்ட்டர் ஸ்கீட் என்னும் ஆங்கில அதிகாரி 1900இல் வெளியிட்ட 'மலாய் மாந்திரிகம்' என்ற நூலில், அவ்வாறு மாண்ட தாயை லங்சுயிர் என்றும், செத்துப் பிறந்த சிசுவையே பொந்தியானாக் என்றும் பிரித்துக் கூறியிருக்கிறார். நாளடைவில் இரண்டும் கலந்து தாய்க்கே பொந்தியானாக் என்ற பெயர் நின்றுவிட்டது. பேயாகாமல் தடுக்கும் உபாயத்தையும் ஸ்கீட் எழுதியுள்ளார். பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளை நிரப்பவேண்டும், அக்குள் இரண்டிலும் கோழிமுட்டை வைக்கவேண்டும், உள்ளங்கைகளில் ஊசி செருகவேண்டும். மணி இருந்தால் வாய் திறந்து கூவமாட்டாள். முட்டை இருந்தால் கையைச் சிறகாக அடிக்கமாட்டாள். இவ்வளவும் செய்யத் தவறி அவள் பேயாகிவிட்டாலோ, பிடரியில் ஆணி அடித்துவிட்டால் அடங்கிய மனைவியாகிவிடுவாள் என்பது பிற்காலத்து வழக்கு. செத்தவளுக்கு இத்தனை ஏற்பாடு. சாகுமுன் அவளுக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்பதைப் பற்றி ஸ்கீட்டின் அப்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இந்நம்பிக்கைகளை நகைத்தவரும் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. மலாக்காவில் வாழ்ந்த முன்ஷி அப்துல்லா, நாகூர்த் தமிழ்ப் பெண்ணின் வழித்தோன்றல்; இளமையில் தமிழும் கற்றவர். 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில், ஊரார் நம்பிய பேய்பிசாசுகளையெல்லாம் அடுக்கிச் சொல்லி, அவை வீண்புரட்டு என்று எழுதினார். நூறு ஆண்டுக்குப் பின்னரும் அவற்றில் ஒன்று வெள்ளித்திரையில் ஏறி இலட்சக்கணக்கில் பணம் திரட்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நம்மவரும் இவ்விஷயத்தில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். சூலோடு மாண்டவள் அமைதியடையாள் என்பது தமிழ்நாட்டிலும் நெடுங்கால நம்பிக்கை. நெல்லை, குமரிப் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட பெண்ணை இசக்கியாக்கிக் கும்பிடுவர். வேறு ஊர்களில் அவள் பெயரால் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நடுவர். இறக்க முடியாத சுமையோடு போனவள் நினைவாக, வழிப்போக்கன் தன் தலைச்சுமையை அக்கல்லில் இறக்கி இளைப்பாறட்டும் என்பது கருத்து. ஆணி அடிப்பதினும் கல் நடுவது மேலானது என்று ஒப்புக்கொள்ளுகிறோம். கப்பலேறி மலாயா வந்த நம் பாட்டன்மார் இசக்கியின் அச்சத்தைக் கொண்டுவந்தார்கள். சுமைதாங்கிக் கல்லை மட்டும் ஏனோ நாகப்பட்டினத்திலேயே விட்டுவிட்டார்கள். தோட்டத்துப் பாதைகளில் நாம் அப்படி ஒரு கல்லைக் கண்டதில்லை.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். ஆண்கள் சொன்னவையே மிகுதியாகக் கிடைத்தன.

1957இல் பேராக்கின் இப்பக்கத்தில் அவசரகாலச் சட்டம் நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16இல் எல்பில், பின் சூன் என்னும் இரு தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுடப்பட்டதும் சுங்கை சிப்புட்டிலேதான். அதிலிருந்தே அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. ஆகவே ஈப்போவுக்குப் போய் மாலைக்காட்சி பார்ப்பது இயலாத காரியம். ஞாயிற்றுக்கிழமைப் பகற்காட்சிக்கு லாரியில் கூட்டமாகப் போனதாகவே பலரும் கூறுகின்றனர். ரெக்ஸ், ஓடியன், லிடோ, கேத்தே என்று முன்பு ஈப்போவில் பெயர்பெற்றிருந்த கொட்டகைகளுள் எதில் பார்த்தது என்பதில் மாத்திரம் இருவர் சொல் ஒத்துவரவில்லை. உச்சிவெயிலில் கொட்டகைக்குள் நுழைந்து பயந்து, வெயில் தணியுமுன் வெளியே வந்து சிரித்து, இருட்டியபின் லயத்தில் மறுபடி பயந்தார்களாம்.

பயம் மறுநாள் விடியலில் முற்றிற்று என்று ஒரு பெரியவர் சொன்னார். பால் வெட்டுவோர் கோழி கூவுமுன் எழுந்து பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனித்தனி நிரைக்குப் போகவேண்டும். பொந்தியானாக் வாழைமரத்தில் குடியிருப்பாள், வரும்போது செம்பகப்பூ மணக்கும் என்பது கேள்வி. படம் பார்த்த மறுநாள் மூவர் ஓடையோரத்து நிரைக்குப் போக மறுத்தனராம். அங்கே காட்டுவாழை இருந்தது. கங்காணி, பேயாவது பிசாசாவது, இது சோம்பேறித்தனம் என்று திட்டித் தாமே முன்னால் நடந்து காட்டினார். நடந்தவர் அன்று மாலையே லயத்துக்குப் பின்னாலிருந்த தம் வாழைகளையும் வெட்டிவிட்டார் என்பதையும் அப்பெரியவர் சொல்லத் தவறவில்லை.

இன்னொருவர் சயாம் ரயில் போட்டு மீண்டவரின் மகன். தம் தகப்பனாரை அப்படத்துக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனார். கொட்டகையே அலறும்போது தகப்பனார் மட்டும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் சுத்தமா இருக்கு" என்று மாத்திரம் சொன்னார். 1942, 43இல் காட்டில் வாந்திபேதி கண்டு மாண்டவர்களைக் குவியலாகப் புதைத்த கைகள் அவருடையவை. பேய்ப்படத்தைப் பற்றி நாம் குறித்துவைத்த அபிப்பிராயங்களில் இதனினும் கடுமையான கண்டனம் வேறில்லை.

பழையனூர் நீலியை அறிந்தவர்கள், இது நம் கதையின் திருட்டு என்றார்கள். தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, நீலி பழையனூர் வேளாளர் முன் கண்ணீர்விட்டு நின்ற கதையை நம்மவர் அறிவர். பேய், பெண், பிள்ளை மூன்றும் இரண்டிலும் இருப்பது உண்மையே. ஆனால் திருட்டு என்பதற்கு இடமில்லை. பெண்கள் பிள்ளை பெற்றுச் சாகும் நாடுகளிலெல்லாம் இக்கதை தானே முளைத்துக்கொள்ளும்.

நம் கிராணி வர்க்கத்தாரின் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்றைய தோட்ட ஆபீசில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாய்ப் படத்தை மதிக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரத்தமும் கறுப்பாகவே இருந்தது, மையைக் கொட்டியது போலிருந்தது என்று கேலி செய்தனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹாம்மர் கம்பெனியின் வர்ண 'டிராகுலா' வெளிவந்தது. அதில் இரத்தம் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு, பேயென்றால் அதுவல்லவோ பேய் என்று மெச்சினார்களாம். அவர்கள் அறியாத சங்கதி ஒன்றுண்டு. அதே ஹாம்மர் கம்பெனி 1957இல் வர்ணத்தில் எடுத்த 'பிராங்கன்ஸ்டைனின் சாபம்' படத்தை இலண்டன் விமர்சகர் பலர் அருவருப்பு என்று காறி உமிழ்ந்தனர். ஜனங்களோ திரண்டு போய்ப் பார்த்தனர். ஆங்கிலேயன் கண்டித்ததை இங்கே மெச்சியவர், இங்கே ஜனங்கள் திரண்டதை ஆங்கிலேயனைப் போல் கண்டித்தனர். ஆங்கில வழியில் படித்த நமக்கும் இளமையில் இந்த நோய் இருந்தது. ஆதலின் அதிகம் பேசுவது அழகன்று.

இவ்வளவும் ஆண்கள் சொன்னவை. பயந்ததும், பயப்படாததும், திருட்டென்றதும், கேலி செய்ததுமேயன்றி வேறில்லை. பெண்களிடம் கேட்கவேண்டும் என்று நமக்கு நெடுநாள் தோன்றவேயில்லை. தோன்றியதும் நம்முடைய சாமர்த்தியத்தால் அன்று.

நாம் சிறுபையனாயிருந்தபோது ஒரு பிற்பகலில் மூன்றாவது படமாகிய 'சாபம்' தொலைக்காட்சியில் வந்தது. மூன்றில் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. நாம் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டோம். பக்கத்திலிருந்த நம் பாட்டி இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயமில்லையா என்று கேட்டதற்கு, "என்னாத்துக்குப் பயம்? புள்ளையத் தேடித்தானே வர்றா" என்றார். அன்று அச்சொல் விளங்கவில்லை. பெரியவனாகி இவ்வபிப்பிராயங்களைத் திரட்டத் தொடங்கியபின் ஒருநாள் அதை நினைவூட்டிக் கேட்டோம். அப்போதுதான் சொன்னார்.

1947இல் பாட்டிக்கு எட்டு வயது. அவருடைய தாயார் வேறொரு தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. நான்காம் பிரசவம். மாலையில் வலி கண்டு, இரவில் உதிரம் நிற்கவில்லை. டிரெஸ்ஸர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். லாரி இருந்தது, துரையின் உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது, துரை அன்றிரவு தோட்டத்தில் இல்லை. விடியுமுன் தாயும் சிசுவும் போய்விட்டனர். அதோடு முடிந்திருந்தால் துக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும். பத்து நாளைக்குள், ஓடையோரத்தில் அவளைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னான். அப்புறம் மற்றொருவன். மலாய்க்காரக் காவற்காரரிடம் யோசனை கேட்டு, வேப்பிலைக்காரரிடமும் கேட்டு, புதைத்த இடத்தில் ஊசியோ ஆணியோ எதையோ அடித்துவிட்டு வந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னாலேயே இதையெல்லாம் பேசினார்கள். மற்றக் குழந்தைகள் அவரோடு விளையாட வரவில்லை. பேயின் மகள் என்று பெயர். அவரோ இரவில் ஓடைப்பக்கம் பார்த்தபடி படுத்திருப்பாராம். அம்மா வரக்கூடாதே என்பதற்காக அன்று, ஒருவேளை வந்தால் தாம் தூங்கிவிடக்கூடாதே என்பதற்காக.

பத்தாண்டு கழித்து, மணமாகி வயிற்றில் முதற்பிள்ளையோடு, நம் பாட்டனாருடன் லாரியில் ஈப்போவுக்குப் போய் அவர் பார்த்த முதல் மலாய்ப் படம் 'பொந்தியானாக்'. சூலியை இப்படத்துக்கு அழைத்துப் போகலாமா என்று லயத்தில் பெண்கள் தடுத்ததைப் பாட்டனார் கேட்கவில்லை. கணவன் உயிரைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள் என்று கண்டபோதே தமக்கு அழுகை வந்துவிட்டது என்றும், பல்லும் இரத்தமும் தம் கண்ணில் படவேயில்லை என்றும் பாட்டி கூறினார். மரியா மெனாடோ மிக அழகாயிருந்தாளாம். பக்கத்து வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்ததையும் சொன்னார். பயந்து அழுகிறார்கள் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டு சிரித்தார்களாம்.

இதன்பின் நாம் வேறு கிழவியரிடமும் கேட்டோம். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள் என்று எழுதினால் பொய்யாகும். பயந்துபோய் ஒரு மாதம் தனியே கக்கூசுக்குப் போகாதவரும் உண்டு. படம் பிடிக்கவில்லை என்று ஒரே சொல்லில் முடித்தவரும் உண்டு. ஆயின் ஐவரில் மூவர், கேட்காமலே, பிரசவத்தில் மாண்ட யாரோ ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். தமக்கை, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண் என்று. படத்தில் கோமெல் பிரசவத்தில் சாகவில்லை. எழுதியவர் அதை மாற்றி மருந்தும் பாம்பும் ஆக்கிவிட்டார். அப்படி மாற்றியிருந்தும் இப்பெண்கள் அவளைச் சரியாகவே அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆண்களில் ஒருவரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

நாம் கணக்கு எழுதும் தொழிலாளி. ஆதலின் கணக்கும் பார்த்தோம். 1950இல் மலாயாவில் நூறாயிரம் பிள்ளைப்பேற்றுக்கு 534 தாய்மார் மாண்டனர் என்பது வைத்தியப் புள்ளி. அதாவது இருநூறு பிரசவத்துக்கு ஒருத்திக்கு மேல். எட்டும் பத்தும் பெற்ற காலத்தில் ஒரு லயத்துக்கு ஒருத்தியாவது இப்படிப் போயிருப்பாள். லயத்துக்கு ஒரு பேய் இருந்ததில் வியப்பென்ன? அப்புறம் கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், சுகாதார நிலையங்களும், இரத்தம் ஏற்றும் வசதியும் வந்தன. கொரோனா கண்ட ஆண்டு நீங்கலாக, அண்மை ஆண்டுகளில் அவ்வெண் முப்பதுக்கும் கீழே இருந்துவருகிறது. தோட்டப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு அறுபது நாள் விடுப்பு என்று வகுத்த தொழிற்சட்டம், 1955இல் இயற்றப்பட்டு 1957ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. படம் வெளியான ஐந்தாம் வாரம் அது. ஈப்போ லாரியில் ஏறிய எவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நமக்குத் தெரியவில்லை.

பாட்டியின் தாயார் பெயர் எங்கேனும் இருக்குமா என்றும் தேடினோம். அந்தப் பழைய தோட்டம் இரண்டு கைமாறி, ஆபீசுக் கட்டடம் சாமான் அறையாகிவிட்டது. அங்கே கரையான் அரித்த செக்ரோல்களில் 1947க்கு உரியது ஒன்று, பாதியாக, கிடைத்தது. பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயராலும் இலக்கத்தாலும் கண்டுகொண்டோம். அம்மாதம் பதினெட்டு நாள் வேலை. வலி கண்ட நாளுக்கு முதல்நாள் வரை பால் வெட்டியிருக்கிறார். அதற்குப்பின் வரி முழுதும் சிவப்பு மசியில் ஒரு கோடு. காரணம் எழுதும் கட்டத்தில் ஒன்றும் இல்லை. இலக்கம் மறுமாதம் வேறு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நம் போன்ற ஒரு கிராணிதான் அக்கோட்டை இழுத்திருப்பார். அவரைக் குறைசொல்ல நாம் யார்? அக்கட்டத்தை நிரப்பாமல் நாமும் எத்தனையோ விட்டிருக்கிறோம்.

படத்தின் பிற்கால வரலாறு இன்னும் சிறிது உண்டு. ஷா கம்பெனியின் மலாய்ப் படநிலையம் 1967இல் மூடப்பட்டது; கேத்தே-கிரிஸ்ஸும் எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் மலாய்ப் பேய்ப்படம் மிக அருகியே வந்தது. தணிக்கையாளருக்கு அது பிடிக்கவில்லை. மூடநம்பிக்கையை வளர்க்கும், மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பது காரணம். 2004இல் ஷுஹைமி பாபா என்னும் பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' எடுத்தபோதுதான் பேய் திரும்பிவந்தது. அதில் பேயாகிறவள் கர்ப்பிணியாயிருக்கையில் கொலையுண்ட நாட்டியக்காரி. ஒரு பெண் எடுத்தபோது கதை மறுபடி வயிற்றுப் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்ததைக் கவனிக்க.

மூடநம்பிக்கையை வெறுப்பதில் நாம் அத்தணிக்கையாளருக்குக் குறைந்தவர் அல்லர். எனினும் முப்பது ஆண்டு திரையில் பேயை மறைத்தும் லயத்தில் பேய் குறையவில்லை என்பது நம் அனுபவம். குறைந்தது எப்போது என்று கிழவியரைக் கேட்டால், மின்சாரம் வந்தபோது என்பார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது என்று ஒருவர் சொன்னார். இங்கிலாந்திலும் 1984இல், வீடியோ நாடாவில் வந்த கோரப்படங்களை அடக்கத் தனிச்சட்டமே செய்தார்கள். அன்று பறிமுதலான படங்கள் பல இன்று அங்கே தாராளமாக விற்கின்றன.

முதற்படம் எப்படி அழிந்தது என்பதற்குத் திரைப்பட வரலாற்றாளர் சொல்லிவரும் செய்தி ஒன்றுண்டு. ஹோ ஆ லோக் வைத்திருந்த பிரதியை, காத்துவைக்க இடம் இல்லாமல், கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டாராம். இரண்டாம் படமும் கிடைக்கவில்லை. தப்பிய கேத்தே-கிரிஸ் மலாய்ப் படங்களை 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவேட்டில் சேர்த்துப் பெருமை செய்தார்கள். ஈப்போவைச் சுற்றிக் கிந்தாப் பள்ளத்தாக்கு முழுதும் ஈயக்குட்டைகளை நித்தியம் பார்ப்பவராகிய நமக்கு இச்செய்தியைக் கேட்டபோது வருத்தமாகவே இருந்தது. பாட்டியிடம் சொன்னோம். எந்தக் குட்டை என்று கேட்டார். தெரியாது என்றோம். "அவ மக என்னா ஆனா, அது ஞாபகம் இல்லயே" என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்படத்தை 1957இல் கொட்டகையில் பார்த்தவர், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டவர், நம் வாசகரில் இருக்கலாம். அவர்கள் தங்களுக்கு நினைவிருப்பதை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்பினால் நாம் குறித்துவைக்கக் காத்திருக்கிறோம். வீட்டிலுள்ள மூத்த பெண்களைக் கேட்டு எழுதுவது நலம். ஆண்கள் சொன்னவை நம்மிடம் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன.